யானையின் வீட்டைக் காட்டியவர்

திருச்சிக்காரர்களுக்கு யானை புதிதல்ல. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவில் ஓர் ஊரே யானையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருவானைக்கா என்ற அந்தப் பெயரில் யானையும் இருக்கிறது, காவும் இருக்கிறது. கா என்றால் சோலை. வெண்ணாவல் மரங்கள் அடர்ந்த சோலை ஒன்றில் ஒரு யானை துதிக்கையில் நீர் முகந்து வந்து ஈசனை வழிபட்டதாகத் தல புராணம் சொல்லும். பக்கத்திலே ஸ்ரீரங்கத்தில் ஆனி மாதத்து ஜ்யேஷ்டாபிஷேகத்துக்குக் காவிரித் தீர்த்தம் தங்கக் குடத்தில் யானையின் மீது ஏறி வருகிறது. வீதியில் மணியோசை கேட்டால் போதும். குழந்தைகள் வாழைப்பழமும் கையுமாக வாசலுக்கு ஓடி வந்துவிடும்.

ஆனால், நெற்றியில் நாமமோ திருநீறோ இல்லாத, காலில் சங்கிலி இல்லாத யானையை அந்த வீதிவாசிகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? யானைக்கு ஒரு வீடு உண்டு. அந்த வீட்டுக்குக் கூரை கிடையாது, மலையும் மூங்கிலும் ஆறுமே அதன் சுவர்கள் என்பதை எத்தனை பேர் கண்ணால் கண்டிருப்பார்கள்?

அந்த வீடு ஸ்ரீரங்கத்துக்கு அந்நியமானதும் அல்ல. அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஓடும் நீரில் ஒரு பங்கு நீலகிரிச் சாரலிலிருந்து புறப்பட்டு வருவது. முதுமலைக் காட்டின் ஊடே மாயாறு ஓடுகிறது. அது பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. பவானி நதி கூடுதுறையில் காவிரியோடு சேருகிறது. காவிரி கரூர்ச் சீமையைக் கடந்து வந்து, முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, ஸ்ரீரங்கத்தை மாலை போலச் சுற்றிக்கொள்கிறது. முதுமலை யானைகள் இறங்கிக் குளிக்கும் ஆற்றின் தண்ணீர்தான் கடைசியில் அரங்கனின் வாசலுக்கு வந்து சேருகிறது.

அந்தக் காட்டையும் அதில் நடமாடிய யானைகளையும் ஆண்டுக் கணக்கில் காமிராவில் பிடித்து, பத்திரிகை படிப்பவர்களின் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தவர் மா. கிருஷ்ணன். காடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் அருகியிருந்த நாளில், படத்தைக் காட்டி ஜனங்களின் மனத்தைத் திருப்ப முயன்ற மனிதர் அவர்.

தந்தை விட்டுச் சென்ற சொத்து

கிருஷ்ணன் 1912-ம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா, தமிழ் நாவலின் ஆரம்ப கர்த்தாக்களில் ஒருவர். 'பத்மாவதி சரித்திர'த்தின் ஆசிரியர். உப்பு, ஆப்காரி இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். எட்டுக் குழந்தைகளில் கிருஷ்ணன் கடைக்குட்டி. மூத்த சகோதரர் அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். தேறிப் பிற்காலத்தில் சென்னை ஹைக்கோர்ட்டின் பிரதம நீதிபதியானார்.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. இன்றைய மயிலாப்பூரை மனத்தில் வைத்துக்கொண்டு அன்றைய மயிலாப்பூரைக் கற்பனை செய்ய முடியாது. வீட்டைச் சுற்றிப் புதர்க்காடு. நரிகள் ஊளையிடும். வெளிமான்கள் துள்ளித் திரியும். பறவைகளுக்குக் கணக்கே கிடையாது. அந்தப் புதர்க்காடே கிருஷ்ணனுக்கு முதல் பள்ளிக்கூடம். சிறுவயதில் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்து வந்தார். எதைக் கண்டாலும் நின்று நிதானமாகப் பார்க்கும் பழக்கம் அந்த நாளில் ஏற்பட்டது. கடைசி வரை அது அவரை விட்டுப் போகவில்லை.

1925-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் இடி விழுந்தது போல ஒரு சம்பவம் நடந்தது. சென்னை சர்வகலாசாலையின் செனட் சபையில், பி.ஏ. வகுப்பில் தமிழுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று வாதாடிப் பேசி முடித்த மாதவையா, அந்த மண்டபத்திலேயே உயிர் நீத்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13. தாம் நம்பிய ஒன்றுக்காகச் சபையில் எழுந்து நின்று பேச வேண்டும் என்பதைத் தந்தை கடைசி மூச்சில் காட்டிவிட்டுப் போனார். மகன் பிற்காலத்தில் பேசியது, பேச வாயில்லாத ஜீவன்களுக்காக.

பைசன் துரையின் சீடர்

1927-ல் கிருஷ்ணன் பிரஸிடென்ஸி காலேஜில் சேர்ந்தார். அங்கே தாவர சாஸ்திரப் பேராசிரியர் பி. எப். பைசன் என்ற ஆங்கிலேயர். நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் விளையும் செடி கொடிகளைப் பற்றிப் படங்களுடன் பெரிய நூல் எழுதியவர். அந்தப் படங்களை வரைந்தவர்களில் பைசனின் மனைவியும் ஒருவர்.

பைசன் மாணவர்களை மலைக்கு அழைத்துப் போவார். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கிருஷ்ணன் அவர் பின்னே நடந்தார். ஒரு பூவை அடையாளம் காண வேண்டுமானால் அதன் இதழ், சூல், காம்பு ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து வரைய வேண்டும். வரைகிறவன் பொய் சொல்ல முடியாது. ஓர் இதழைக் கூட்டிப் போட்டால் அது வேறு பூவாகிவிடும். நீர்வர்ணச் சித்திரம் தீட்டும் வித்தையைப் பைசனின் மனைவியிடம் கிருஷ்ணன் கற்றுக்கொண்டார். தாவர சாஸ்திரத்தில் எம்.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். ஆனால் வக்கீல் கவுனை விடப் பென்சிலும் காகிதமுமே அவருக்கு இஷ்டமாக இருந்தன. பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் சித்திரமும் கேலிப் படமும் கொடுத்துச் சொற்ப வருமானத்தில் காலம் தள்ளினார். 1937-ல் இந்துமதியை மணந்துகொண்டார்.

சந்தூர் வனவாசம்

1942-ல் பெல்லாரிக்குப் பக்கத்திலிருந்த சந்தூர் சமஸ்தானத்தில் கிருஷ்ணனுக்கு வேலை கிடைத்தது. சின்ன சமஸ்தானம், ஆள் பஞ்சம். அங்கே அவர் பள்ளி உபாத்தியாயராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், விளம்பர அதிகாரியாக இருந்தார், மகாராஜாவின் அரசியல் காரியதரிசியாகவும் இருந்தார். எந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் ஓய்வு நேரத்தில் குன்றும் காடும் தேடிப் போய்விடுவார். ஆடு மேய்த்துப் பார்த்தார். புறா வளர்த்துப் பார்த்தார். பார்த்ததை எழுதி வைத்தார்.

1949-ல் சந்தூர் சென்னை ராஜ்யத்தோடு இணைக்கப்பட்டது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். வயது 37. குடும்பம் இருந்தது. எங்கேயாவது மாதச் சம்பளத்துக்கு ஓர் உத்தியோகம் தேடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ எழுத்தையும் காமிராவையும் நம்பி வாழ்வதென்று தீர்மானித்துக்கொண்டார். காட்டு விலங்கைப் படம் பிடித்து ஜீவனம் நடத்தலாம் என்று நம்புவது அந்த நாளில் மணலைக் கயிறாகத் திரிப்பது போன்ற காரியம்.

46 வருஷம் ஓடிய பத்தி

1950-ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியை அவர் ஆரம்பித்தார். அது 46 வருஷம் ஓடியது. ஒரு தலைமுறை அதைப் படித்து வளர்ந்து, அடுத்த தலைமுறைக்கும் கொடுத்துவிட்டுப் போனது.

அந்தப் பத்தியில் அவர் செய்த யுக்தி எளிமையானது. புலியையும் யானையையும் மட்டும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. வீட்டுக் கூரையில் கத்தும் காகம், சுவரில் ஓடும் பல்லி, முற்றத்து அணில், கொல்லைப்புறத்துக் கீரி, இவையும் அதில் வந்து போயின. 1961-ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே காட்டையும் கொல்லைப்புறத்தையும் சேர்த்துச் சொல்லும். சொந்த வீட்டு வாசலில் உள்ள ஜீவனைப் பார்க்கத் தெரியாதவனுக்கு நூறு மைலுக்கு அப்பால் உள்ள யானையின் கஷ்டம் எப்படிப் புரியும்? வாசகனின் கண்ணைக் கொல்லைப்புறத்தில் பழக்கி, பிறகு கையைப் பிடித்துக் காட்டுக்கு அழைத்துப் போனார்.

எழுத்தோடு படமும் வந்தது. சில நாள் மையில் வரைந்த சித்திரம். சில நாள் அவரே எடுத்த போட்டோ. மொரமொரப்பான பத்திரிகைக் காகிதத்தில், புள்ளி புள்ளியாகப் பிளாக் எடுத்து அச்சடித்த நாள் அது. நுட்பங்கள் பாதி அச்சிலேயே மங்கிப் போகும். அப்படியும் படத்தைப் பார்த்துவிட்டே வாசகன் எழுத்துக்கு வருவான் என்பதைக் கிருஷ்ணன் அறிந்திருந்தார்.

உலகம் கண்ட உதாரணங்கள்

படத்துக்கு அந்தச் சக்தி உண்டு என்பதை உலகம் முன்பே கண்டிருந்தது. அமெரிக்காவில் 1861-ல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்பவர் யோஸமிட்டி பள்ளத்தாக்கைப் பெரிய பெரிய கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து வந்தார். கிழக்குச் சீமை நகரங்களில் இருந்தவர்கள் அந்த மலைகளையும் மகா விருட்சங்களையும் படத்தில் பார்த்து அதிசயித்தார்கள். 1864-ல் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்காகக் காக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். 1871-ல் வில்லியம் ஹென்றி ஜாக்ஸன் எல்லோஸ்டோனைப் படம் பிடித்தார். மறு வருஷமே அது உலகத்தின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. படங்கள் மாத்திரம் சட்டம் கொண்டுவந்துவிடவில்லை. ஆனால் கண்ணால் காணாத இடத்துக்காகக் கை தூக்க வேண்டியிருந்த பிரதிநிதிகளுக்குப் படங்களே கண்ணாக இருந்தன.

இந்தியாவிலும் ஒரு முன்னோடி இருந்தார். எப். டபிள்யூ. சாம்பியன் என்ற காட்டிலாகா அதிகாரி, துப்பாக்கியைத் தள்ளிவிட்டுக் காமிராவைக் கையில் எடுத்தவர். இரவில் புலி நடந்து வரும் பாதையில் கம்பி கட்டி, புலியின் கால் பட்டதும் வெளிச்சம் பாய்ந்து படம் விழும்படி ஏற்பாடு செய்தார். அந்தப் படங்களோடு அவருடைய புத்தகம் 1927-ல் வெளியாயிற்று. நரபலிப் புலிகளை வேட்டையாடிப் பேரெடுத்த ஜிம் கார்பெட்டையும் காமிராவின் பக்கம் திருப்பியவர் அவர்.

கிருஷ்ணன் வேலையைத் தொடங்கிய காலத்தில் நிலைமை முற்றியிருந்தது. துப்பாக்கியும் ஜீப்பும் மலிந்துவிட்டன. புதிய அணைகளுக்கும் தோட்டங்களுக்கும் காடு போய்க்கொண்டிருந்தது. 1952-ல் சிவிங்கிப் புலி இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒரு பிராணி அடியோடு மறைந்து போயிற்று; அதைக் காட்டில் உயிரோடு பார்த்த இந்தியர்களோ மிகச் சிலர்.

சூப்பர் பாண்டரோஸா

கிருஷ்ணனின் காமிராவைப் பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே உண்டாக்கிக்கொண்ட கனத்த யந்திரம் அது. அதற்கு வேடிக்கையாகச் சூப்பர் பாண்டரோஸா என்று பெயரும் வைத்திருந்தார். புதுப்புதுக் காமிராக்கள் கடைக்கு வந்தபோதும் அதை அவர் கைவிடவில்லை.

வர்ணப் படம் வந்து பத்திரிகைகளெல்லாம் வர்ணமயமான பின்பும் அவர் கறுப்பு வெள்ளையிலேயே நின்றார். காட்டு விலங்குக்கு வர்ணம் அலங்காரத்துக்காக ஏற்பட்டதல்ல, ஒளிந்துகொள்ள ஏற்பட்டது. புள்ளிமான் நிழலில் கரைந்துவிடும். யானையே மூங்கில் புதருக்குள் நின்றால் பத்து அடியில் தெரியாது. ஒளியும் நிழலும் மட்டும் உள்ள படத்தில் தோலின் சுருக்கமும் காதின் கிழிசலும் தந்தத்தின் வளைவும் பளிச்சென்று துலங்கும். பிலிமைக் கழுவுவதையும் பிரிண்டு போடுவதையும் பிறரிடம் விடாமல் தாமே செய்துகொண்டார்.

முதுமலையில் அவர் வேலை செய்த விதம் தனி. பழக்கிய யானையின் முதுகில் ஏறிக்கொண்டு போவார். காட்டு விலங்குகள் யானையைக் கண்டு மிரளுவதில்லை. அதன் மேலே மனிதன் இருப்பதையும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. யானையின் முதுகு ஒரு நிமிஷமும் சும்மா இராது. மூச்சு விட்டாலே காமிரா அசையும். மரங்களின் கீழே வெளிச்சமோ குறைவு. அந்நாளைய பிலிமுக்கு வேகமும் போதாது. சரியான கணம் வரும் வரை காத்திருக்க வேண்டும். வராவிட்டால் மறுநாள் திரும்பி வர வேண்டும். முடிந்த இடங்களில் கால்நடையாகவும் போவார்.

கூட்டமும் குட்டியும்

அப்படிக் கிடைத்த படங்கள், வீதியில் யானையைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியாத பல விஷயங்களைச் சொல்லின. யானைக் கூட்டம் என்பது ஒரு குடும்பம். அதை நடத்திச் செல்வது தந்தமுள்ள ஆண் அல்ல, வயது முதிர்ந்த பெண் யானை. குட்டிகள் நடுவே நடக்கும். தாயும் பெரியம்மாவும் சின்னம்மாவும் வேலியாகச் சுற்றி வருவார்கள். பருவமடைந்த ஆண் யானை கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியே திரியும். பெண் யானை ஒரு குட்டியைச் சுமார் 22 மாதம் வயிற்றில் சுமக்கிறது. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தழையும் புல்லும் பட்டையும் வேண்டும். ஒரே இடத்தில் நின்று தின்றால் காடு தாங்காது. ஆகவே யானை நடந்துகொண்டே இருக்கிறது. நடப்பதற்கு வழி வேண்டும். வழியை அடைத்தால் அது தோட்டத்துக்குள் வரும், வந்தால் சண்டை. சண்டையில் மனிதனும் சாகிறான், யானையும் சாகிறது.

இதையெல்லாம் புள்ளிவிவரமாக அடுக்கினால் வாசகன் பக்கத்தைத் திருப்பிவிடுவான். கால்களுக்கிடையே குட்டியை மறைத்துக்கொண்டு நிற்கும் தாய் யானையின் படத்தைக் காட்டிவிட்டுச் சொன்னால் கேட்பான். கிருஷ்ணன் படத்தில் விலங்கை அழகுபடுத்த மாட்டார். எழுத்தில் அதற்கு மனிதப் புத்தியை ஏற்றிக் கதை கட்டவும் மாட்டார். அந்த நேர்மையே அவருடைய பலம். அவர் காட்டிய படத்தை நம்பியவன் அவர் சொன்ன எச்சரிக்கையையும் நம்பினான்.

சர்க்காரின் சபையில்

1960-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1968-ல் ஜவஹர்லால் நேரு நினைவு உதவித் தொகை பெற்று, தென்னிந்தியத் தீபகற்பத்தின் காடுகளில் பெரிய விலங்குகளின் நிலைமையை நேரில் ஆராயப் புறப்பட்டார். யானை, காட்டெருமை, மான் வகைகள், புலி, சிறுத்தை, எது எங்கே மிஞ்சியிருக்கிறது, எதற்கு என்ன ஆபத்து என்று காடு காடாகச் சென்று குறித்தார். அந்த ஆராய்ச்சியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1975-ல் புத்தகமாக வெளியிட்டது. 

இந்திய வனவிலங்கு வாரியத்திலும், 1973-ல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தை வழி நடத்திய குழுவிலும் அவர் அங்கம் வகித்தார். அதற்கு முந்திய வருஷத்தில்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருந்தது. 1976-ல் காட்டையும் வனவிலங்கையும் காப்பது அரசின் கடமை, பிரஜையின் கடமை என்ற வாசகங்கள் அரசியல் சட்டத்திலும் ஏறின. இவையெல்லாம் பலருடைய உழைப்பின் பலன். ஆனால் சட்டம் வருவதற்கு 20 வருஷத்துக்கு முன்பிருந்தே அதற்கான மனநிலையை வாசகர்களிடம் விதைத்து வந்தவர்களில் கிருஷ்ணன் முக்கியமானவர்.

சபையில் அவர் எல்லோருக்கும் இனிய மனிதராக இருக்கவில்லை. மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ஒரு தேசம் என்பது அதன் ஜனங்கள் மட்டுமல்ல, அதன் மண்ணுக்கே உரிய செடி கொடியும் விலங்கும் பறவையும் சேர்ந்ததே தேசம் என்பது அவருடைய கொள்கை. ஆகவே சாலையோரத்திலும் சரணாலயத்திலும் வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். ஆலும் அரசும் வேம்பும் புங்கமும் நாவலும் விளையும் மண்ணில் அலங்கார மரம் எதற்கு என்பது அவர் கட்சி. காட்டைத் திருத்தி அமைக்கிறோம் என்று மனிதன் கிளம்புவதை விட அதைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே மேல் என்று வாதாடினார்.

எல்லா வாதத்திலும் அவர் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே நீலகிரியில் புல்வெளிகள் மறைந்து தைல மரமும் சீகை மரமும் எழுந்தன. யானைகளின் வழியில் அணைகளும் கால்வாய்களும் வந்தன. சிறுவயதில் அவர் வெளிமானைப் பார்த்த மயிலாப்பூர் வெறும் கட்டடமாயிற்று. சென்னையில் அந்த மானுக்கு மிஞ்சிய பெரிய புகலிடம் கிண்டிக் காடு. அது 1978-ல் தேசியப் பூங்கா ஆயிற்று.

தமிழுக்குக் கிடைத்தது

இன்னொரு குறையும் உண்டு. தமிழுக்காக உயிர் விட்டவரின் பிள்ளை, 46 வருஷம் பத்தி எழுதியது ஆங்கிலத்தில். அதைப் படித்தவர்கள் பெரும்பாலும் வங்காளத்தில். முதுமலை யானையைக் கல்கத்தாவாசி அறிந்த அளவுக்குத் திருச்சிவாசி அறியவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. பழந்தமிழ் இலக்கியத்தில் விலங்குகள் வரும் இடங்களை ரசித்து ஆராய்ந்தவர். தமிழிலும் அருமையான கட்டுரைகள் எழுதியிருக்கிறார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து, அவர் காலமான பின்னர் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக வெளிவரச் செய்தார். அதைப் படிக்கிறவர்களுக்கு, இந்தக் கை இன்னும் நிறையத் தமிழில் எழுதியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் தோன்றாமல் இராது.

1995-ல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் சுற்றுச்சூழலுக்கு உழைத்தவர்களுக்கு வழங்கும் குளோபல் 500 கௌரவம் அவருக்குக் கிடைத்தது. மறு வருஷம், 1996 பிப்ரவரி 18-ந் தேதி, அவர் சென்னையில் காலமானார். அவருடைய கடைசிப் பத்தி பத்திரிகையில் வெளியானதும் அதே தினத்தில்தான். 83 வயது வரை பேனா ஓயவில்லை.

படமும் பொறுமையும்

இன்று படத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு காமிரா இருக்கிறது. காட்டைக் காக்க விரும்புகிறவர்கள் குறும்படம் எடுக்கிறார்கள், கண்காட்சி வைக்கிறார்கள், யானை வழியை மறித்த வேலியைப் படம் பிடித்து ஒரு மணி நேரத்தில் ஊருக்கெல்லாம் காட்டிவிடுகிறார்கள். இது கிருஷ்ணன் கனவிலும் எதிர்பாராத வசதி. அதே காமிராவைத் தூக்கிக்கொண்டு சாலையோர யானையின் அருகே ஓடித் தன் முகத்தையும் சேர்த்துப் படம் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். யானை மிரளுகிறது, சில சமயம் உயிரும் போகிறது. விலங்கின் அமைதியைக் கெடுத்து எடுத்த படம் அதைப் பற்றி உண்மை சொல்லாது என்பது கிருஷ்ணனின் வாழ்க்கை கற்பிக்கும் பாடம். அவரைக் காட்டுக்குள் நடத்திச் சென்றது பொறுமை.

2024-ல் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டுக் காடுகளில் 3,063 யானைகள் உள்ளன. திருச்சியை அடுத்த எம்.ஆர். பாளையத்தில், சங்கிலியிலிருந்து மீட்ட யானைகளுக்காக வனத்துறை ஒரு மறுவாழ்வு மையம் நடத்துகிறது. ஸ்ரீரங்கம் மேலூரில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் பள்ளிப் பிள்ளைகள் புழு பூச்சியாவதை நேரில் பார்க்கிறார்கள். கொல்லைப்புறத்தில் ஆரம்பித்துக் காட்டுக்குப் போகும் கிருஷ்ணனின் பாதையில் அது ஒரு நல்ல முதல் அடி.

திருவானைக்காவில் அந்தப் பழைய சோலை இன்று இல்லை. கோயிலுக்குள்ளே தல விருட்சமாக வெண்ணாவல் மரம் மட்டும் நிற்கிறது. பக்தர்கள் அதைச் சுற்றி வந்து கும்பிடுகிறார்கள். யானையும் கோயில் வாசலுக்கு வந்துவிட்டது. அதன் சொந்தச் சோலை ஆற்றின் மேலே, மாயாற்றங்கரையில் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து வரும் தண்ணீர் தினமும் அம்மா மண்டபத்துப் படிகளைத் தொட்டுக்கொண்டு போகிறது.